புட்டி பூசிப் பெயிண்ட் அடித்துத் தந்த புரொப்பல்லர்: பழுதுபார்ப்புப் பிரிவு மீது புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
படகு எஞ்சின் பழுதுபார்ப்புப் பிரிவு.

பொருள்: விரிசல் இருந்த புரொப்பல்லரைச் சரிசெய்ததாகச் சொல்லித் திருப்பித் தந்தது, பணத்தைத் திரும்பப் பெறுதல், கியர் பெட்டிச் சேதத்துக்கு ஈடு கோருதல்.

ஐயா,

என் படகில் இருப்பது 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். தண்ணீரைத் தள்ளிப் படகை நகர்த்தும் அதன் அலுமினிய புரொப்பல்லருக்கு மூன்று இறக்கை, 11 அங்குல விட்டம், 13 அங்குல பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்). ஆழம் குறைந்த இடத்தில் மெதுவாக வரும்போது தண்ணீருக்குள் கிடந்த ஒரு பாறையில் அது தட்டிவிட்டது. அது என் கவனக்குறைவு, அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு உங்கள் பணிமனையில் நடந்ததைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கரைக்கு வந்ததும் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னையும் நட்டையும் கழற்றி புரொப்பல்லரை நானே உருவினேன். ஒரு இறக்கையின் நுனி மடங்கியிருந்தது. அடுத்ததன் முன்விளிம்பில் விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு போயிருந்தது. மூன்றாவதில் கீறல்கள் மட்டும்தான். புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாப்டில் தூண்டில் நரம்பு எதுவும் சுற்றியிருக்கவில்லை. கியர் ஆயிலையும் அன்றே கொஞ்சம் இறக்கிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்களிடம் கொடுக்கும்போது நான் கேட்டது மூன்றே விஷயம். இறக்கை குடத்தோடு (நடு உருளையோடு) சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிட்ச்சை அளந்து மூன்று இறக்கைகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். முடியாத நிலை என்றால் சொல்லிவிடுங்கள், புதிது வாங்கிக்கொள்கிறேன். உங்கள் ஊழியர் இதை ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். மூன்று நாளில் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறோம் என்றார். பதினோரு நாள் ஆயிற்று. பளபளவென்று கறுப்புப் பெயிண்ட் அடித்து வந்தது. பார்க்க உண்மையிலேயே புதுசு மாதிரிதான் இருந்தது.

ஷாப்டின் பற்களுக்கு கிரீஸ் தடவி, புது காட்டர் பின் போட்டு மாட்டினேன். தண்ணீரில் இறக்கி மெதுவாக ஓட்டியவரை ஒன்றும் தெரியவில்லை. 2500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 2500 சுற்று) தாண்டியதும் ஸ்டியரிங் பிடித்திருந்த கையில் ஒரு நடுக்கம் வந்தது. 3500-இல் காலடிப் பலகை கடகடவென்று ஆடியது. இருக்கைக்குப் பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் வட்டம் வட்டமாக அலை எழும்பி நிற்கவே இல்லை. முன்பு முழு த்ராட்டிலில் 5800 ஆர்பிஎம் காட்டும் எஞ்சின், இப்போது முழுவதும் திறப்பதற்கு முன்பே 6000-ஐத் தாண்டியது. என் எஞ்சினின் கையேட்டில் மேல் வரம்பே 6000தான். வேகமோ முன்பைவிடக் குறைவு. அன்று படகில் ஐந்து பேர் இருந்தோம். அப்படியே மெதுவாகத் திரும்பிக் கரைக்கு வந்தோம்.

போன் செய்தபோது உங்கள் பணிமனையில், "ஷாப்ட் வளைந்திருக்கும், இல்லையென்றால் உள்ளே ரப்பர் புஷ் வழுக்கும்" என்றார்கள். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். குடத்துக்குள் இருக்கும் அந்த ரப்பர் உறையையும் (புஷ்) குடத்தையும் சேர்த்துக் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டிப் பார்த்தேன். புஷ் வழுக்கியிருந்தால் கோடு பிரிந்திருக்க வேண்டும். பிரியவில்லை. ஷாப்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியை அசையாமல் கட்டி, எஞ்சினை நியூட்ரலில் வைத்து, ஷாப்டைக் கையால் மெல்லச் சுற்றினேன். கம்பி முனைக்கும் ஷாப்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு முழுச் சுற்றிலும் மாறவில்லை. கடைசியாக என்னிடமிருந்த பழைய உபரி புரொப்பல்லரை மாட்டி ஓட்டினேன். நடுக்கம் துளியும் இல்லை. ஆக, கோளாறு நீங்கள் தந்ததில்தான்.

இதைச் சொன்னதற்கு, "பேலன்ஸ் பார்த்துத்தான் கொடுத்தோம்" என்ற பதில் வந்தது. பார்த்திருக்கலாம். ஆனால் பேலன்ஸ் என்பது எடை மட்டும்தான். மூன்று இறக்கையும் ஒரே எடையில் இருந்தாலும், ஒன்றின் சாய்வு மாறிவிட்டால் அது தள்ளுகிற தண்ணீர் குறைந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பக்கம் ஒரு இடி விழும். பிட்ச் என்றால் புரொப்பல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது ஒரு அங்குலம் குறைந்தாலே எஞ்சின் சுமார் 150 முதல் 200 ஆர்பிஎம் வரை கூடுதலாகச் சுற்றும். என் படகில் நடந்ததும் அதுதான்.

எனக்கு அளக்கும் கருவி இல்லை. புரொப்பல்லரை மட்டமான பலகையில் நிறுத்தி, நடுவிலிருந்து 100 மில்லிமீட்டர் தூரத்தில் ஒவ்வொரு இறக்கையின் இரண்டு விளிம்புகளும் பலகையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஸ்டீல் ஸ்கேலால் பார்த்தேன். இரண்டு இறக்கைகளில் அந்த உயர வித்தியாசம் 47, 46 மில்லிமீட்டர். நுனி மடங்கிய இறக்கையில் 35, அதாவது அதன் பிட்ச் குறைந்துவிட்டது. ஸ்கேலும் பலகையும் இருந்தாலே தெரிகிற விஷயம் இது. நுனியை நிமிர்த்தியவர் அடித்த அடியில் இறக்கை முழுவதும் தட்டையாகியிருக்கிறது, அதை யாரும் அளக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பெயிண்டைச் சுரண்டிப் பார்க்கத் தோன்றியது. துண்டு போன முன்விளிம்பில் கத்தி முனை வைத்ததும் சாம்பல் நிறப் புட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. வெல்டிங் வைத்து நிரப்பியதாக ரசீதில் எழுதியிருக்கிறீர்கள். உலோகமே அங்கே வைக்கப்படவில்லை. நுனி மடங்கிய இறக்கையின் அடிப்பகுதியையும் சுத்தம் செய்து, விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயத்தைத் தடவி, துடைத்துவிட்டு வெள்ளைப் பூச்சைத் தெளித்தேன். இரண்டு நிமிடத்தில் அந்த வெள்ளையில் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு ஊறி வந்தது. குடத்தை ஒட்டியே, ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீளம்.

ஐயா, அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. இறக்கைக்கு அதிகச் சுமை விழுவது அந்த இடத்தில்தான். அங்கே விரிசல் விட்ட அலுமினிய புரொப்பல்லரைக் கழித்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. அது தெரியாமல் நான் முழு வேகத்தில் ஓட்டியிருந்தால், நடுநீரில் இறக்கை பிய்ந்து போயிருக்கலாம். இதை உங்கள் ஆட்கள் பார்க்கவில்லையா, பார்த்தும் பெயிண்டால் மூடிவிட்டார்களா? இந்தக் கேள்விக்கு எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

இன்னொன்று. அந்த ஓட்டங்களுக்குப் பிறகு கியர் ஆயிலை மறுபடி இறக்கினால் பால் கலந்ததுபோல வெளுத்து வந்தது. உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. பாறையில் தட்டிய அன்று சுத்தமாக இருந்த ஆயில் இது. இடையில் எஞ்சின் ஓடியது உங்கள் புரொப்பல்லரோடு அந்த நடுக்கத்தோடும், பிறகு நான் செய்த சோதனை ஓட்டங்களிலும்தான். வேறொரு மெக்கானிக் பிரித்துப் பார்த்து, ஷாப்ட் ஆயில் சீல் (ஆயில் வெளியேறாமலும் தண்ணீர் புகாமலும் தடுக்கும் வளையம்) கெட்டிருப்பதாக எழுதித் தந்திருக்கிறார்.

எனவே பழுதுபார்க்க நான் கட்டிய தொகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும். ஆயில் சீலை மாற்றி, கியர் ஆயிலைப் புதிதாக ஊற்றி, பேரிங்குகளைச் சரிபார்க்க ஆகும் செலவையும் நீங்கள் ஏற்க வேண்டும். அதே புரொப்பல்லரை மறுபடி சரிசெய்து தருகிறோம் என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். அதை உங்களிடம் தரவும் மாட்டேன், அது என்னிடம் உள்ள ஆதாரம். வேண்டுமானால் உங்கள் ஆள் நேரில் வந்து பார்க்கட்டும், பலகையையும் ஸ்கேலையும் எடுத்து வைக்கிறேன்.

அப்புறம், எனக்காக மட்டும் கேட்கவில்லை. அதே வாரத்தில் உங்கள் மேசை மேல் பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்த வேறு நான்கு புரொப்பல்லர்களை நான் பார்த்தேன். அவற்றின் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, விரிசல் சோதனையும் பிட்ச் அளவும் எடுத்துக் கொடுங்கள். எந்த இறக்கை எவ்வளவு இருந்தது, எவ்வளவுக்குக் கொண்டுவந்தீர்கள் என்று ரசீதிலேயே எழுதுங்கள்.

படங்கள், ரசீதின் இருபக்க நகல், மெக்கானிக்கின் குறிப்பு ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
படகின் உரிமையாளர்