செல்விக்கு, சான் அன்டோனியோவிலிருந்து

அன்புள்ள செல்வி,

உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாமே. அம்மா சொல்லித்தான் தெரியும், நீ எங்கே சொன்னாய்? இங்கே எல்லாரும் சௌக்கியம். ரமணி வீட்டுக் கல்யாணத்துக்கு என்னால் வர முடியாது. அவளிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. அவள் கோபத்தைத் தாங்க உன்னால்தான் முடியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் கேட்டாயே, "தங்கள் ஆட்களையே நாடு கடத்துவேன் என்று சொன்ன டிரம்ப்புக்கு லத்தீனோக்களே, அதுதான் மெக்சிகோ, கியூபா மாதிரி இடங்களைப் பூர்வீகமாகக் கொண்ட அமெரிக்கர்களே, எப்படியடி ஓட்டுப் போட்டார்கள், புத்தி வேண்டாமா?" என்று. எனக்குச் சுருக்கென்றது. இங்குள்ள ஒரு டிவிக்காரர் இதே கேள்வியைக் கேட்டு, ஒரே வரியில் பதில் வேண்டும் என்றார். அவருக்கு மறுத்துவிட்டேன். உனக்கு அப்படி மறுக்க மனம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஊர் டிவியில் "இந்தச் சாதி ஓட்டு மொத்தமும் அந்தக் கட்சிக்கு" என்று யாராவது சொன்னால் ரிமோட்டைத் தேடுகிறவள் நீ. லத்தீனோக்கள் என்றதும் மட்டும் அத்தனை பேரும் ஒரே கூட்டமாகத் தெரிகிறார்களா? புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களுக்கு 1917லேயே குடியுரிமை வந்துவிட்டது, அவர்களை யாரும் நாடு கடத்த முடியாது. கியூபாவிலிருந்து வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட 1966லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. டெக்சாஸ் எல்லையில் இருப்பவர்கள் கதை இன்னும் வேறு.

ஸ்டார் கவுன்டி என்று ஓர் இடம், கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. ரியோ கிராண்டே ஆற்றின் கரை, எதிர்க்கரை மெக்சிகோ. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் லத்தீனோ. 1892க்குப் பிறகு 2020 வரை, டிரம்ப்பின் குடியரசுக் கட்சி வேட்பாளர் எவருக்கும் ஜனாதிபதித் தேர்தலில் அந்தக் கவுன்டி கிடைத்ததில்லை. 2016ல் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டனுக்கு 79 சதவீதம். 2020ல் அதே கட்சியின் பைடனுக்கு 52தான். 2024ல் டிரம்ப் ஏறக்குறைய 58 வாங்கி ஜெயித்தார். எட்டே வருஷம், செல்வி!

அங்கேதான் ரியோ கிராண்டே சிட்டியில் ஓர் அம்மாளின் சமையலறையில் கேள்வித்தாளோடு உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடச் சமையலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயரைச் சொல்லக் கூடாது, அது எங்கள் வாக்காளர் ஆய்வு வேலையின் விதி. ஃப்ரிட்ஜ் மேல் பச்சைச் சீருடையில் மகன் படம்: எல்லைக் காவல் படை. மருமகன் எண்ணெய் வயலில். "என் பாட்டனாரின் பாட்டனார் காலத்தில் இந்த ஆறு எல்லையே இல்லை, நாங்கள் எங்கிருந்தும் வரவில்லை" என்றார். 1848ல் மெக்சிகோவோடு நடந்த போர் முடிந்து ஒப்பந்தம் போட்டபோதுதான் ஆறு எல்லையானது, அவர்கள் அதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள். "தேர்தலுக்குத் தேர்தல் வந்து குடியேற்றம் பற்றியே பேசுகிறார்கள், முட்டை என்ன விலை விற்கிறது என்று ஒருவராவது கேட்டார்களா?" என்றார். அப்புறம் குரல் மாறியது. பக்கத்து வீட்டுக்காரர் கூரை வேலை செய்கிறவர், அவரிடம் இந்த நாட்டில் தங்குவதற்கான காகிதம் இல்லை. இந்த அம்மாள்தான் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறார். "குற்றவாளிகளைத்தானே பிடிப்போம் என்றார்கள், இவரையுமா?" என்று என்னிடம் கேட்டார். கேள்வி கேட்கப் போனவள் நான்.

இவரைப் புத்தியில்லாதவர் என்று சொல்வாயா?

இதற்கு நேர்மாறான கதை கலிபோர்னியா. 1994ல் அங்கே 187வது பிரேரணை என்று ஒன்றை மக்கள் வாக்குக்கு விட்டார்கள். ஆவணம் இல்லாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, அவசரச் சிகிச்சை தவிர வேறு அரசு மருத்துவம் கிடையாது. சந்தேகப்பட்டால் ஆசிரியரே காட்டிக்கொடுக்க வேண்டும். கவர்னர் பீட் வில்சன் அதை முன்னால் நிறுத்தியே மறுபடி ஜெயித்தார். பிரேரணைக்கு 59 சதவீத ஆதரவு. கோர்ட் தடுத்துவிட்டது, ஆனால் பயம் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆவணம் இல்லாதவர்களுக்கு 1986ல் கொடுத்த பொதுமன்னிப்பில் பச்சை அட்டை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கும் குடியுரிமை கேட்கும் காலம் அப்போதுதான் கனிந்திருந்தது. கூட்டம் கூட்டமாக விண்ணப்பித்தார்கள். பன்டோஜா, ராமிரெஸ், செகுரா மூவரும் 2001ல் வெளியிட்ட ஆய்வு, அந்தச் சூட்டில் கலிபோர்னியாவில் குடிமக்களானவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வாக்களித்ததைக் காட்டியது. ஒப்பிட எடுத்துக்கொண்டது எங்கள் டெக்சாஸையும் ஃபுளோரிடாவையும்தான். இங்கே அந்த அடி விழவில்லை, அந்த எழுச்சியும் வரவில்லை.

ரத்தம் ஓட்டுப் போடுவதில்லை, செல்வி. யார் வந்து கதவைத் தட்டினார்கள், எதைச் சொல்லித் தட்டினார்கள், அந்த வருஷம் வீட்டில் எது பயமாக இருந்தது என்பதுதான் ஓட்டாகிறது. இத்தனை வருஷம் இதைத்தான் படித்தேன், இதைத்தான் நம்புகிறேன்.

எனக்கு ஆத்திரம் வருவது எண்களைக் கையாளும் விதத்தில். 2016ல் டிரம்ப்புக்கு விழுந்த லத்தீனோ ஓட்டு, எக்ஸிட் போல் கணக்கில் 28 சதவீதம். லத்தீனோ வாக்காளர்களிடம் தனியாக ஆய்வு நடத்திய நிறுவனத்தின் கணக்கில் 18. எது சரி என்று இரண்டு பக்கமும் மல்லுக்கட்டினார்கள். எக்ஸிட் போலுக்குச் சாவடிகளைப் பொறுக்குவது மொத்த வாக்காளர்களையும் மனத்தில் வைத்து. அதில் லத்தீனோக்கள் வாழும் தெருக்கள் எத்தனை வரும்? ஸ்பானிஷில் பேச ஆள் வைத்தார்களா? மூன்று தலைமுறை ஆங்கிலத்திலேயே வளர்ந்தவரையும் போன வருஷம் குடியுரிமை வாங்கியவரையும் ஒரே கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, மறுநாள் காலை டிவியில் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

அதற்காக 2024 வெறும் எண் மயக்கம் என்று நினைத்துவிடாதே. வாக்களித்ததைப் பதிவேட்டோடு சரிபார்த்த பியூ ஆய்வு மையத்தின் கணக்கில் லத்தீனோ ஓட்டில் டிரம்ப்புக்கு 48 சதவீதம், 2020ல் 36. மாற்றம் நிஜம். அது நிலைக்குமா என்பது வேறு. 2024ல் டிரம்ப் பக்கம் சாய்ந்த நியூஜெர்சியின் பசேயிக் கவுன்டி, 2025 நவம்பர் கவர்னர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் மிக்கி ஷெரிலுக்குப் போய்விட்டது. அங்கே பத்தில் நான்கு பேருக்கு மேல் லத்தீனோ. நடுவில் அந்த ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸில் ஆவணம் இல்லாதவர்களைத் தேடிப் பிடித்த சோதனைகளை நாடே பார்த்தது. விலைவாசியும் இறங்கவில்லை. இரண்டில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதான் இனி என் வேலை.

உன் இரண்டாம் ஆண்டு மாணவிகளை அடுத்த தேர்தலுக்கு வீடு வீடாக அனுப்பப் போவதாகச் சொன்னாயே, என் கேள்வித்தாளைத் தமிழில் மாற்றி அனுப்புகிறேன். எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள், முதல் கேள்வியை மட்டும் தொடாதே: "உங்களுக்கு இப்போது பெரிய கவலை எது?" அவர்கள் பேசி முடிக்கும் வரை பிள்ளைகள் ஃபாரத்தில் எந்தக் கட்டத்தையும் டிக் அடிக்கக் கூடாது. கண்டிப்பாகச் சொல்லிவிடு.

அன்புடன்,
மீனா