பின்சக்கரத்தில் எத்தனை குதிரை?

திருவையாறு,
புரட்டாசி மாதம்.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். குறுவை அறுவடை மும்முரமாக நடக்கிறது; கல்லணைச் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்கிறது, மீதிப் பாதியில் பேருந்தும் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் நானும் பங்கு போட்டுக்கொள்கிறோம். "கோயம்புத்தூர் வரை போய் வண்டியை டைனோவில் (இன்ஜின் திறனை அளக்கும் மேடையில்) ஏற்றினாயாமே, எத்தனை குதிரைத் திறன் கூடியது?" என்று கேட்டிருந்தாய். அதற்கு ஒற்றை வரியில் விடை சொல்லிவிடலாம். ஆனால் இந்த நெல் காயும் சாலையை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான் அந்த விடைக்கு ஒரு பொருள் இருக்கும்.

என் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் மோட்டார் சைக்கிளுக்குச் சென்ற ஆண்டு இரண்டு சைலன்சர்களையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினேன் அல்லவா, அன்று முதல் பிடித்தது சனி. காற்று முன்னைவிடத் தாராளமாக உள்ளே போனது. பெட்ரோலோ கம்பெனிக் கணக்குப்படியே அளந்து வந்தது. அதனால் 2,500 முதல் 3,500 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இன்ஜின் சுழலும் சுற்று) வரை வண்டி திக்கித் திக்கி ஓடும். நெல்லை ஒட்டி இரண்டாம் கியரில் மணிக்கு நாற்பது, நாற்பத்தைந்தில் போகும்போது இன்ஜின் சுழல்வது சரியாக அந்த அளவில்தான். போதாததற்கு, ஆக்சிலரேட்டரை விட்டால் சைலன்சர் பட்பட்டென்று வெடிக்கும். நெல் துழாவிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "தம்பி, தீபாவளிக்கு இன்னும் நாள் கிடக்கே" என்று சொன்னதில் எனக்கு முகம் தொங்கிவிட்டது.

இதைச் சரிசெய்யப் போய் இன்னொரு பிழையும் செய்தேன். ஒரு பட்டறையில், இன்ஜினை ஆளும் சிறு கணினியான இ.சி.யு.வுக்கும் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் நடுவே செருகும் சிறு பெட்டி ஒன்றைப் பொருத்தி, வேறு யாருடைய வண்டிக்கோ எழுதிய மேப்பை (எப்போது எவ்வளவு பெட்ரோல் விடுவது என்ற அட்டவணையை) வாட்ஸ்அப்பில் வரவழைத்து அதில் ஏற்றினார்கள். திக்கல் குறைந்தது என்னவோ உண்மை. ஆனால் சைலன்சர் வாயில் கரி படிந்தது, கொட்டகை முழுக்கப் பெட்ரோல் வாடை அடித்தது, லிட்டருக்கு இருபத்தைந்து கொடுத்த வண்டி பத்தொன்பதுக்கு இறங்கியது. அதன் பிறகே டைனோ வைத்திருக்கும் ஒருவரைக் கோவையில் விசாரித்துப் பிடித்தேன். தொலைபேசியில் அவர் முதலில் கேட்டது, "பழைய சைலன்சர் இருக்கிறதா? இருந்தால் எடுத்து வாருங்கள்" என்பதுதான். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் இரண்டையும் சாக்கில் சுற்றிப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு, திருச்சி, கரூர், காங்கேயம் வழியாகப் போய்ச் சேர்ந்தேன்.

டைனோ என்பது பார்வைக்குப் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. தரையோடு பதித்த ஒரு கனத்த இரும்பு உருளை. அதன்மேல் பின்சக்கரம் நிற்க, முன்சக்கரத்தைக் கவ்வியில் பூட்டி, வண்டியை நாலு பக்கமும் பட்டையால் இழுத்துக் கட்டுகிறார்கள். எதிரே ஆளுயர மின்விசிறி ஒன்று காற்றை வாரி அடிக்கிறது. நம்முடையது காற்றாலும் ஆயிலாலும் குளிரும் இன்ஜின், நின்ற இடத்தில் ஓடினால் வெந்துவிடும். பிறகு ஐந்தாம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகுகிறார்கள். எடை தெரிந்த உருளையை வண்டி எவ்வளவு விரைவாகச் சுழற்றி ஏற்றுகிறது என்பதிலிருந்து கணினி இழுவையையும் (டார்க் என்கிறார்களே, அந்தச் சுழற்றும் விசை) குதிரைத் திறனையும் கணக்கிட்டுக் கோடாக வரைகிறது. அந்தச் சத்தத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன் என்பதை உன்னிடம் மறைப்பானேன்.

முதல் ஓட்டத்தில் பின்சக்கரத்தில் 39.4 குதிரை வந்தது. கம்பெனி சொல்வது 47 ஆயிற்றே என்று எனக்குத் திக்கென்றது. அந்த 47 இன்ஜினின் சுழல்தண்டான கிராங்கில் அளந்தது. கியர்பாக்ஸும் செயினும் டயரும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு பத்து முதல் பதினைந்து விழுக்காடு குறைந்துதான் தரைக்கு வரும் என்றார் அவர். நம் வீட்டு ஐந்து எச்.பி. மோட்டார் நினைவுக்கு வந்தது. தகட்டில் ஐந்து என்று பொறித்திருந்தாலும் வாய்க்காலில் விழுகிற தண்ணீரைக் கொண்டுதானே அப்பா அதை மதிப்பார். (குதிரையை அளவுகோலாக்கிய ஜேம்ஸ் வாட் காவிரிக் கரையில் பிறந்திருந்தால், இன்று நாம் ஒரு குதிரைக்கு 746 வாட் என்பதற்குப் பதில் வண்டிமாட்டுக் கணக்கில் பேசிக்கொண்டிருப்போம்.)

வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் விளக்கியதுதான் எனக்குப் பெரிய பாடம். நியூட்டன் மீட்டரில் உள்ள இழுவையை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 9,549 ஆல் வகுத்தால் கிலோவாட் வரும், அதை 0.746 ஆல் வகுத்தால் குதிரை. நம் வண்டிக்குக் கம்பெனி சொல்லும் அதிக இழுவை 5,250 ஆர்.பி.எம்.மில் 52, அந்த இடத்தில் திறன் சுமார் 38 குதிரைதான். நாம் பெருமையடிக்கும் 47 குதிரை 7,250இல் வருகிறது. அப்போது இழுவை ஏறத்தாழ 46க்கு இறங்கிவிட்டிருக்கிறது, சுழற்சி கூடியதால்தான் பெருக்குத்தொகை பெரிதாகிறது. "7,250 வரை என்றைக்காவது முறுக்கியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். திருவையாற்றுக்கும் கல்லணைக்கும் நடுவே அப்படி முறுக்கினால் நேரே ஆற்றில்தான் இறங்க வேண்டும். அவர் விரல் வைத்துக் காட்டியது 3,000ஐ: அங்கே கோடு வாய்க்கால் மதகடியில் பறித்த குழிபோல இறங்கி, 33 நியூட்டன் மீட்டரில் கிடந்தது.

மேப்பைத் தொடுவதற்கு முன் இன்ஜின் தலையில் சைலன்சர் குழாய் சேரும் இடத்தைப் பார்த்தார். இணைப்பில் வைக்கும் அடைப்பு வளையமான கேஸ்கெட் நைந்து, வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பட்பட் வெடிப்பில் பாதி அதனால்தான். அது போதாதென்று, அப்படிப் புகுந்த காற்று ஆக்சிஜன் சென்சாரையும் ஏமாற்றிக்கொண்டிருந்தது. சில நூறு ரூபாய் கேஸ்கெட். என் பட்டறைக்காரர் இதைப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் பெட்டியை விற்றார் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அடுத்து அவர் பழைய சைலன்சர்களை மாட்டி ஓடவிட்டார். புதியவற்றுக்கும் அவற்றுக்கும் ஒரு குதிரைகூட வித்தியாசம் இல்லை! எடுத்து வரச் சொன்னதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தாலும் அங்கேயே தீர்மானித்துவிட்டேன். பழையவற்றுக்கே மேப் எழுதச் சொன்னேன். விலை கொடுத்து வாங்கிய அந்த இரண்டும் இப்போது பத்தாயத்தின் மேல் கிடக்கின்றன.

மேப் எழுதுவதை அரை நாள் அருகிலேயே உட்கார்ந்து பார்த்தேன். கணினித் திரையில் அது நம் வயல்வெளிபோலவே கட்டம் கட்டமாகக் கிடக்கிறது; ஒரு திசையில் ஆர்.பி.எம்., மறு திசையில் ஆக்சிலரேட்டர் திறப்பு, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பெட்ரோல் என்ற எண். உருளையோடு இணைந்த மின்காந்த பிரேக் எதிர்ச்சுமை கொடுத்து வண்டியை 3,000இலேயே நிறுத்திப் பிடிக்க, ஆக்சிலரேட்டரைக் கால்வாசி மட்டும் திறந்து, காற்றும் பெட்ரோலும் என்ன விகிதத்தில் எரிகின்றன என்று பார்த்து அந்த ஒரு கட்டத்தைத் திருத்துகிறார். பிறகு பக்கத்துக் கட்டம். சுமை இல்லாமல் முறுக்கிப் பார்ப்பது தண்ணீர் ஏறாத ஆயில் இன்ஜினின் ஓசையைக் கேட்டுத் தரம் சொல்வதற்குச் சமம் என்பது நமக்குத் தெரியாததா? கம்பெனி சென்சாருக்கு 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற விகிதத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டுமே சொல்லத் தெரியும். அவர் குழாயில் சொருகிய வைட்பேண்ட் சென்சார் அளவையே சொல்கிறது. மெதுவாகப் போகும் கட்டங்களைச் சிக்கனமாகவே விட்டார், முழுத் திறப்பில் மட்டும் 13க்குக் கொண்டுவந்தார். மேட்டு வயலுக்கும் பள்ள வயலுக்கும் ஒரே மடையைத் திறந்துவிட்டதுதான் வாட்ஸ்அப் மேப் செய்த வேலை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பின்சக்கரத்தில் 39.4 ஆக இருந்தது 41.6 ஆயிற்று, இரண்டே குதிரைதான், அதைக் கேட்டு நீ சிரிப்பாய். 3,000இல் 33 ஆக இருந்த இழுவை 38 ஆயிற்று, குழி மூடிக் கோடு மட்டமாக ஏறுகிறது. நெல்லை ஒட்டி நாற்பதில் ஊர்ந்து போனாலும் வண்டி திக்குவதில்லை, லிட்டருக்குப் பழைய இருபத்தைந்தும் திரும்பிவிட்டது. பெரியவரும் திட்டுவதில்லை. இந்த எண்களை உன் ஊர் டைனோவில் வரும் எண்களோடு ஒப்பிட்டுவிடாதே. உருளைக்கு உருளை, அன்றைய வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் போடும் திருத்தத்துக்கேற்ப, கணக்கு மாறும். ஒரே டைனோவில் முன்னும் பின்னும் எடுத்ததுதான் செல்லும்.

நீயும் வண்டியைக் கொண்டுபோவதாக இருந்தால், முதலில் வால்வ் இடைவெளியையும் செயின் தொய்வையும் பார்த்து, புது ஸ்பார்க் பிளக் போட்டுக்கொள். அந்தக் குறைகளை வைத்துக்கொண்டு எழுதும் மேப், குறைகளுக்கு எழுதிய மேப் ஆகிவிடும். தினமும் போடும் பெட்ரோலையே போட்டுக்கொண்டு போ. இப்போது இருபது விழுக்காடு எத்தனால் கலந்து வருவதால் சரியான விகிதமே 14.7இலிருந்து இறங்கிவிட்டது, அதைக் கருதித்தான் எழுத வேண்டும். வாரண்டி முடியவில்லை என்றால் பெட்டியைச் செருகுவதற்கு முன் இருமுறை யோசி.

கடைசியாக, என் மேப்பை அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாய். உன் வண்டியும் அதே இன்டர்செப்டர்தான், அதே 648 சி.சி.தான், ஆனாலும் அனுப்ப மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கோவைக்காரரின் எண்ணைத் தருகிறேன், நேரில் போ. பழைய சைலன்சரை மறக்காமல் எடுத்துக்கொள்.

உன்
பழைய நண்பன்