லேப் பெருக்கும் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

நேற்று சாயங்காலம் என் ஆய்வேட்டு வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்தது. என் ஐப்பசியும் கார்த்திகையும் எப்படிப் போயின என்று உங்களுக்கே தெரியும், திரும்பச் சொல்லவில்லை.

சத்தம் போட்டாலும் கைவிடாத என் கைடு, ஒரே சாம்பிளை மூன்று தடவை ஓட்டித் தந்த என்எம்ஆர் (மூலக்கூறை ஆராயும் கருவி) அறை அண்ணன், கட்டணம் கட்டிய ரூம்மேட், போனில் "சாப்பிட்டியா" என்பதைத் தாண்டி எதுவும் கேட்காத அம்மா, எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்த மடல் எங்கள் லேப் அக்காவுக்கு.

என் ஆய்வு காலிக்ஸ்பிர்ரோல் பற்றியது. நான்கு பிர்ரோல்கள் (நைட்ரஜன் உள்ள சிறு வளையங்கள்) கைகோத்து நிற்கும் ஒரு பெரிய வளையம் அது. 1886-இல் ஜெர்மன் வேதியியலாளர் பேயர் பிர்ரோலையும் அசிட்டோனையும் சேர்த்துச் செய்தது. அது எதிரயனியை, அதாவது குளோரைடு போன்ற எதிர்மின் துகளைப் பிடிக்கும் என்று வேதியியலாளர் செஸ்லரின் குழு காட்டியது 1996-இல்தான். சும்மா இருக்கையில் பிர்ரோல்கள் ஒன்று மேலே ஒன்று கீழே பார்த்திருக்கும். குளோரைடு வந்ததும் பிர்ரோல்களின் நான்கு என்-எச்சும் (நைட்ரஜன்-ஹைட்ரஜன் முனைகள்) ஒரே பக்கம் திரும்பிக் கிண்ணமாகக் குவிந்து அதைப் பிடித்துக்கொள்ளும். டைகுளோரோமீத்தேன் கரைப்பானில் அவர்களுக்குக் கிடைத்த பிணைப்பு மாறிலி (எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதன் அளவு) குளோரைடுக்கு 350, ஃபுளோரைடுக்கு 17,000-க்கும் மேல். ஒப்பீட்டுக்காக நான் செய்த அதே மூலக்கூறு ஒரு நாள் 350-ஐ ஒட்டி வரும், மறுநாள் அதில் பாதி. என் புது மூலக்கூறுகளை யார் நம்புவார்கள்?

ஒரு நாள் பெருக்க வந்த அக்கா, நான் உப்பு நிறுப்பதைப் பார்த்து நின்றார். "என்ன தம்பி, மழைக்கு நம்ம வீட்டு உப்பு மாதிரி கரண்டியில ஒட்டுது?" என் சோதனைக்குக் குளோரைடு தரும் டெட்ராபியூட்டைல் அம்மோனியம் குளோரைடுதான் அது. அப்புறம் உப்பை ஈரம் படாமல் மூடி வைக்கும் பாத்திரமான டெசிக்கேட்டரைக் காட்டினார். "இது ரோஸாகி எத்தனை நாளாச்சு, யாரும் பார்க்கல."

அதற்குள் ஈரம் உறிஞ்ச வைக்கும் சிலிக்கா ஜெல் மணிகளில் இருக்கும் கோபால்ட் குளோரைடு காய்ந்திருந்தால் நீலம், ஈரம் குடித்தால் ரோஸாகும். குளோரைடில் பட்டம் வாங்க வந்தவன் கண்ணில் அது படவில்லை! உப்போடு தண்ணீரையும் சேர்த்து நிறுத்துவிட்டு, என்-எச்சுக்கு அந்தத் தண்ணீரையே போட்டியாக விட்டிருக்கிறேன்.

அக்காவின் வேலை நேரம் ஐந்து மணியோடு முடிந்திருந்தது. நான் கேட்கவே இல்லை. ஜெல்லைத் தட்டில் கொட்டி ஓவனில் வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, நடுநடுவே கிளறிவிட்டார். எட்டு மணிக்கு மணிகள் நீலமாயின. ஊர் பஸ் போய்விட்டிருந்தது.

மறுநாள் உப்பை வேக்குவத்தில் உலர்த்தி அந்த நீலத்தின் மேல் வைத்தேன். அடுத்த மூன்று ஓட்டமும் ஒத்துப்போயின. ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தை அதற்கு முன்பே எழுதி முடித்துவிட்டேன், அதில் அக்கா பெயர் விட்டுப்போனது. அச்சுப் பிரதியில் கட்டாயம் சேர்க்கிறேன்.

அக்கா, சனிக்கிழமை வருகிறேன். மைசூர்பாகு உங்களுக்குத் தனிப் பெட்டி. டெசிக்கேட்டர் இப்போது என்ன நிறத்தில் இருக்கிறது?