தேவகோட்டாவுக்கு ராஞ்சி மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் லட்சுமி பிரசாத் தேவகோட்டா பற்றிய கட்டுரையைப் பார்த்தேன். நேபாளத்தின் மகாகவிக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கினீர்களே என்று ஆசையாகப் படிக்க உட்கார்ந்தால், மனம் பேதலித்ததால்தான் அவரால் அப்படி எழுத முடிந்தது என்கிறார் உங்கள் கட்டுரையாளர். பிரமாதம்!

அவர் ராஞ்சி மனநல மருத்துவமனையில் இருந்தது 1939-ல், ஐந்து மாதம். பெற்றோரையும் இரண்டு மாதக் கைக்குழந்தையையும் பறிகொடுத்தவர் உடைந்து போகாமல் என்ன செய்வார்? அவருடைய புகழ்பெற்ற காவியமான 'முனா மதன்' அதற்கு முன்பே, 1936-ல் வந்துவிட்டது. உங்களுக்குத் தெரியாததா? நேபாளி மொழியின் முதல் மகாகாவியமான 'சாகுந்தல'த்தை அவர் மூன்றே மாதத்தில் எழுதியதும், 1957-ல் கல்வி அமைச்சராக இருந்ததும் கட்டுரையில் இல்லை. பண்டிதர்கள் மட்டமாக நினைத்த நாட்டுப்புற ஜ்யாவுரே மெட்டை எடுத்து 'முனா மதன்' பாடிய துணிச்சலைப் பற்றி ஒரு வார்த்தை? ம்ஹூம்.

எங்கள் தெருவில் ராத்திரி விசில் ஊதிக்கொண்டு வருபவர் நேபாளி. அவர் பெயர் யாருக்கும் தெரியாது, எல்லாருக்கும் 'கூர்க்கா'தான். மாதக் காசு வாங்க வந்தபோது சும்மா 'முனா மதன்' என்றேன். மனிதர் வாசற்படியில் உட்கார்ந்து பாடவே ஆரம்பித்துவிட்டார். சம்பாதிக்க லாசாவுக்குப் போகும் மதன், போகாதே என்று அழும் முனா, வழியில் நோயில் விழுந்தவனைக் கூட வந்தவர்களே விட்டுவிட்டுப் போக, யாரோ ஒரு போட்டே (திபெத்திய இனத்தவர்) காப்பாற்றுவது, அவர் காலை சத்திரிய மதன் தொடுவது, மனிதன் மனத்தால்தான் பெரியவன், சாதியால் இல்லை என்று சொல்வது எல்லாம் அவருக்கு மனப்பாடம். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே வந்திருப்பவர், பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் கம்மிவிட்டது.

உங்கள் இதழில் நேபாளம் என்றால் நிலநடுக்கம், எவரெஸ்ட், பசுபதிநாத் யாத்திரை விளம்பரம், அவ்வளவுதான். லத்தீன் அமெரிக்கக் கவிஞர் என்றால் மட்டும் நாலு பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது. முன்பு இதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தையும் வெட்டி, மிச்சமிருந்த இரண்டு வரியில் என் ஊர்ப் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தீர்கள். அதுவும் போகட்டும்.

புற்றுநோயில் இறக்கும்போது தேவகோட்டாவுக்கு வயது 49. தன் எழுத்தையெல்லாம் எரித்தாலும் 'முனா மதனை' மட்டும் விட்டுவையுங்கள் என்று கேட்டுக்கொண்டவர். அந்தப் பெயர்கூட இல்லாத கட்டுரைக்குப் படமாக எவரெஸ்டைப் போட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழிலாவது அவர் முகத்தைப் போட்டு, கீழே 1909–1959 என்று அச்சடித்துவிடுங்கள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் பழைய சந்தாதாரர்