ஃபிஷ் ஃபைண்டர் கோளாறு: சங்கப் படகின் பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் படகின் ஃபிஷ் ஃபைண்டர் (ஒலி அனுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு கடலடியையும் மீனையும் திரையில் காட்டும் கருவி) மின் இடையூறால், அதாவது இரைச்சலால், திரையில் கோடுகளைக் காட்டிவந்தது. அதற்கான மின்பணி முடிந்தது. படகடியில் தேங்கும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்பின் மிதவை சுவிட்ச் மாற்றியாயிற்று. பேட்டரி முனைகளைத் துலக்கியாயிற்று. அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. 700 சிங்கப்பூர் வெள்ளிக்கு ஒப்புதல் வாங்கிவிட்டு 1,080 எப்படி ஆனது, ஒப்பந்தக்காரருக்கு மீதியை ஏன் தரவில்லை என்பதுதான் கேள்வி. பதில் இதோ.

ஒப்பந்தக்காரர் கருவியின் மின்கம்பியில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையங்களை மாட்டினார், ஒரு ஃபில்டரும் வைத்தார்; திரை சுத்தமாக இருக்கிறது என்று மீதி 250 வெள்ளியைக் கேட்டார். அவர் காட்டியபோது எஞ்சின் ஓடவில்லை, சென்சிடிவிட்டி (எதிரொலியை எவ்வளவு நுட்பமாகப் பிடிப்பது என்ற அளவு) ஆட்டோவில் இருந்தது, இரைச்சல் நீக்கி உச்சத்தில் இருந்தது. நீக்கியை அணைத்து, சென்சிடிவிட்டியைக் கையால் 80 விழுக்காட்டுக்கு ஏற்றி, எஞ்சினைப் போட்டதும் பழைய கோடுகள் அப்படியே வந்தன. கடைகளில் கிடைக்கும் சாதாரண ஃபெரைட் வளையம் மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கானது. நம் கருவி வேலை செய்யும் 50, 200 கிலோஹெர்ட்ஸில் அதனால் ஏறக்குறையப் பயனே இல்லை.

அடுத்து, டிரான்ஸ்டியூசர் (ஒலி அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும் பகுதி) கெட்டுவிட்டது, படகைக் கரையேற்றிப் புதிது வைக்க வேண்டும் என்றார். மறுத்தோம். எஞ்சினையும் மற்ற மின்சாதனங்களையும் அணைத்தால் கடலடி கூர்மையாகத் தெரிகிறது. கெட்டுப்போன டிரான்ஸ்டியூசர் எஞ்சினை நிறுத்தியதும் குணமாகாது. முன்பணம் 300 போனது போனதுதான். மீதியைக் கேட்டு அவர் சிறு உரிமைகோரல் மன்றத்துக்குப் போனாலும் சோதனைக் குறிப்புகள் நம் கையில் உள்ளன.

சோதித்த முறை: கருவிக்குத் தனியாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி கொடுத்தோம். கோடுகள் குறைந்தன, போகவில்லை. ஆக இரைச்சல் மின்கம்பி வழியாக மட்டும் வரவில்லை. டிரான்ஸ்டியூசர் கேபிள் வழியாகவும் நுழைகிறது. மின்கம்பியில் எத்தனை ஃபில்டர் வைத்தாலும் அது நிற்காது. பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் கூரையின் இரண்டு எல்இடி விளக்குகள் சிக்கின. விஎச்எஃப் ரேடியோவின் ஸ்குவெல்ச்சை (பேச்சில்லாதபோது இரைச்சலை அடக்கும் திருகை) இரைச்சல் அடங்கும் அளவுக்கு மட்டும் திருப்பிவைத்து விளக்கைப் போட்டதும் ரேடியோவும் இரைந்தது. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கிய கோடுகள் தனி. டீசல் எஞ்சினில் இரைச்சல் எழுப்பும் ஸ்பார்க் பிளக் கிடையாது, ஆகவே சந்தேகம் பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர் மேல். எஞ்சினை நிறுத்தி அதை மின்சாரம் உண்டாக்க வைக்கும் ஃபீல்டு கம்பியைக் கழற்றி மறுபடி ஓட்டினோம், கோடுகள் இல்லை. (எஞ்சின் ஓடும்போது தடித்த பேட்டரி கம்பியை யாரும் கழற்றிவிடாதீர்கள், டயோடுகள் கருகிவிடும்.)

காரணம் தளப்பலகைக்கு அடியில் இருந்தது: டிரான்ஸ்டியூசர் கேபிளை ஆல்டர்னேட்டர் கம்பியோடும் விஎச்எஃப் ஆன்டெனா கேபிளோடும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டியிருந்தார்கள். அதைப் பிரித்து எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோனோம். மற்ற கம்பிகளைக் கடக்கும் இடத்தில் செங்குத்தாகக் கடக்கிறது. மிஞ்சிய நீளத்தை வெட்டவில்லை, வட்டமாகவும் சுருட்டவில்லை. எட்டு வடிவில் மடித்துக் கட்டினோம். கருவிக்கு மின்சாரம் இனி பொதுப் பெட்டியிலிருந்து வராது. பேட்டரியிலிருந்தே, வெள்ளீயம் பூசிய முறுக்கிய இரட்டைக் கம்பியில், 3 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக வருகிறது.

இரைந்த எல்இடிகளுக்குப் பதிலாக மாட்டிய விளக்குகள் 240, சிம் லிம் டவரில் வாங்கிய கம்பியும் ஃப்யூஸும் 160. முன்பணத்தோடு சரியாக 700. கூடிய 380 முழுவதும் தளப்பலகையைத் திறந்து மூடிய தச்சுக் கூலி. திறக்காமல் கேபிளைப் பிரிக்க வழியில்லை.

அதையும் சங்கப் பணத்திலிருந்து எடுக்கவில்லை. தெம்பனிஸ் சகோதரர்கள் மூவர் 150, உட்லண்ட்ஸ் தம்பதியர் 100, ஈசூன் அண்ணன் 80, பெயர் வேண்டாம் என்ற பொங்கோல் உறுப்பினர் 50. கம்பி வேலையைக் கூலி வாங்காமல் செய்த ஜூரோங் எலெக்ட்ரீஷியன் தம்பிக்கும், சோதனைக்குப் பேட்டரி தந்த பிடோக் அக்காவுக்கும் நன்றி.

இரைச்சல் நீக்கியைப் போட்டிருந்தால் செலவே இல்லையே என்றார் ஒருவர். அது கோட்டோடு சேர்த்துச் சிறு மீன்களின் மெல்லிய எதிரொலியையும் துடைத்துவிடும். மீன் தேடத்தானே கருவி?

உபின் தீவுப் பக்கம் படகுகள் நெருங்கி நிற்கும்போது சாய்வாகப் புள்ளிக்கோடு வந்தால் அது பக்கத்துப் படகின் ஃபிஷ் ஃபைண்டர் அனுப்பும் ஒலி. அலைவரிசையை மாற்றுங்கள், இல்லை சற்றுத் தள்ளிப் போங்கள். அதற்காகக் குழுவுக்குப் புகார் எழுத வேண்டாம்.