போத்தலின் பின்பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அக்காவின் பெரியவனுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. நாலு சனிக்கிழமையாக உன் போன் வரவில்லை. வேலையாக இருப்பாய், தெரியும். நேரம் கிடைக்கும்போது படித்துக்கொள் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று ஜார்ஜ்டவுனில் ஒரு வைன் கடைக்குள் போனேன். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவை. படத்தைப் பார்த்து வாங்காதே அம்மா, திராட்சையின் பெயரைப் பார், விளைந்த ஊரைப் பார் என்று மார்ச்சில் நான் ஆஸ்திரேலியாவுக்கு உன்னிடம் வந்திருந்தபோது நீ சொன்னாயே, அப்படியே பார்த்தேன். கடைப் பையன் முதலில் கூனவாரா என்ற ஊரில் விளைந்த கபர்னே சோவின்யோன் திராட்சை வைன் ஒன்றை எடுத்துக் காட்டினான். அது பாக்கு மென்ற மாதிரி ஈறைப் பிடிக்கும், நம் குழம்புக் காரத்தோடு சேர்ந்தால் வாய் இன்னும் எரியும், துவர்ப்புக் குறைந்ததாகக் கொடு தம்பி என்றேன். அவன் கிரனாஷ் என்ற திராட்சை வைன் கொடுத்தான், நீ என்னைக் கூட்டிப்போய்க் காட்டிய அதே பரோசாவில் விளைந்தது. வரி சேர்ந்து விலை கூட. லங்காவியில் வாங்கியிருந்தால் வரியே இல்லையே என்று மாமா சொன்னார். இருக்கட்டும்.

பரோசாவை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கொடிகள் வரிசை வரிசையாக நின்றதைப் பார்த்ததும் எனக்கு நம் ரப்பர் தோட்டத்து நிரைதான் ஞாபகம் வந்தது. 1843-ல் நட்ட கொடிகூட அங்கே இன்னும் காய்க்கிறது என்றாய். ரப்பரை முப்பது வருஷத்தில் வெட்டிச் சாய்த்துவிட்டு மறு நடவு செய்வார்கள், அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அதனால்தான் அந்தக் கொடியின் அடித்தண்டைத் தொட்டுப் பார்த்தேன். தொட்டியில் மிதக்கிற தோலை அமுக்கி அமுக்கி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்களே, சிவப்பெல்லாம் அந்தத் தோலில்தான், கறுப்புத் திராட்சையின் சாறு வெள்ளைதான் என்று நீ சொன்னபோது நம்பவே முடியவில்லை.

அப்புறம் அந்த ருசி பார்க்கும் மேசை. நீ ஷிராஸ் திராட்சை வைனில் மூக்கை வைத்து, மிளகு வாசம் என்றாய். அந்தப் பெண் உன்னை நிமிர்ந்து பார்த்து, சரியாகச் சொன்னீர்கள், மிளகில் உள்ள அதே வாசனைப் பொருள்தான் ஷிராஸ் தோலிலும் இருக்கிறது என்றாள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அம்மியடியில் உட்கார்ந்து வளர்ந்த மூக்கு அது. தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள் மகன் அந்த ஊர்க்காரர்களுக்கு நடுவில் நின்று சொல்கிறான் என்று ஆயாவை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மேசையில் துப்புவதற்கு ஒரு வாளி இருந்தது. மற்றவர்கள் ருசி பார்த்துவிட்டுத் துப்பினார்கள். நீ ஒரு தடவைகூடத் துப்பவில்லை. ஆறு கிளாஸ். திரும்பி வரும்போது காரை நீதான் ஓட்டினாய். நான் பின்னால் உட்கார்ந்து முருகா முருகா என்றே வந்தேன், உன்னிடம் எதுவும் சொல்லவில்லை.

வெறும் வயிற்றில் குடிக்காதே. சாப்பிட்டுக்கொண்டே குடி. ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு ஷிராஸ் நன்றாக இருக்கும், கொழுப்பு துவர்ப்பை அடக்கிவிடும் என்று நீதானே சொன்னாய். அன்றைக்கு நான் சமைத்தேன், இரண்டு பேரும் சாப்பிட்டோம், நீ சிரித்தாய். அது நல்ல குடி. அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் வீட்டு வாசலில், உன்னோடு இருந்த அந்தப் பிள்ளையின் சப்பாத்து இல்லை. நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

காலையில் நீ வேலைக்குப் போன பிறகு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் கூட்டினேன். அங்கே அடுக்கியிருந்ததை எண்ணிவிட்டேன். ஒரு போத்தலைத் திருப்பிப் பின்பக்கம் படித்தேன். 14.5 சதவீதம் என்று போட்டு, 8.6 என்றும் போட்டிருந்தது. அது என்ன 8.6 என்று அக்கா மகளிடம் கேட்டேன். ஒரு போத்தலில் அத்தனை அளவுக் குடி இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் வாரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம், ஒரே நாளில் நாலைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று போனில் பார்த்துச் சொன்னாள். எதற்குப் பாட்டி கேட்கிறீர்கள் என்றாள். சும்மா என்றேன்.

1941-ல் கிள்ளான் பக்கத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. தாத்தா அதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் மகள் நான், என்ன செய்தேன்?

அப்பாவைக் கூட்டிவர, மலிவுச் சாராயம் விற்கிற சம்சுக்கடைக்கு உன்னை அனுப்பியது நான். உனக்கு ஒன்பது வயது. நான் போனால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று வெட்கம். பிள்ளையைப் பார்த்தால் பரவாயில்லை என்று நினைத்தேன். ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, உன் தோளைப் பிடித்தபடி அவர் வர, நீ வருவதை ஜன்னலில் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். அப்புறம் வீட்டிலேயே குடிக்கட்டும், சாக்கடையில் விழாமல் இருப்பார் என்று உன்னையே வாங்கிவரவும் அனுப்பினேன். படியில் போத்தல் உடைந்த அன்று உன்னை அடித்தேனே, காசுக்காக என்று நீ நினைத்திருப்பாய். காசுக்காக இல்லை. வாசம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும் என்று அடித்தேன்.

இதுவரை இதை உன்னிடம் பேசியதில்லை. அப்பா காரியம் முடிந்த அன்றும் பேசவில்லை. நீயும் கேட்டதில்லை. இப்போது உன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பார்த்ததையும் பேசாமல் வந்துவிட்டேன். பிளேனில் எட்டு மணி நேரம் அதேதான் மனதில் ஓடியது.

சாப்பிட்டுவிட்டுக் குடி ஐயா. யாரோடாவது உட்கார்ந்து குடி. மிச்சம் இருந்தால் மூடி பிரிட்ஜில் வை, இரண்டு மூன்று நாள் தாங்கும், அன்றைக்கே முடிக்க வேண்டும் என்று இல்லை. காரை எடுக்காதே. தூக்கம் வராவிட்டால் எனக்குப் போன் செய், எந்த நேரமானாலும் எடுப்பேன்.

நான் வாங்கியது திருகு மூடி. நிமிர்த்தியே வைக்கலாம், ஆனால் பினாங்கு வெயிலில் வெளியே வைத்தால் கெட்டுவிடும் என்று பையன் சொன்னான். பிரிட்ஜில் முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அக்கா பார்த்துவிட்டு, இது யாருக்கு அம்மா என்றாள். தம்பி தீபாவளிக்கு வருகிறான் என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா