கரும்பலகை பெயின்ட்டும் ஒரு வருஷத்துப் பட்டறைக் குப்பையும்

எங்கள் பட்டறைப் பலகைக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம். வீடு வீடாக வந்து சொல்வதுதான் முறை. முகூர்த்த மாதம், பட்டறையை விட்டு நகர முடியவில்லை. அதனால் இந்த மடல்.

நான் கீழக்கரையில் நகை வேலை செய்கிறவன். அரம் போடும்போது சிந்துகிற பொடி பாயிலும் காலடியிலும் கை துடைத்த துணியிலும் போய் ஒட்டிக்கொள்ளும். வருஷம் முழுக்க அந்தக் குப்பையைச் சேர்த்து, எரித்துச் சாம்பலாக்கி, அலசித் தங்கம் எடுப்போம். அப்பா காலத்தில் சாம்பலில் பாதரசம் விட்டுப் பிசைவார்கள். தங்கத்தைப் பிடித்துக்கொண்ட ரசத்தை அடுப்பில் வைத்தால் ரசம் புகையாகிப் போகும், தங்கம் மிஞ்சும். அந்தப் புகை உடம்பை என்ன செய்யும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. கடைசிக் காலத்தில் அப்பாவுக்குக் கை நடுங்கியது. இதனால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ரசக் குப்பியை நான் தொடாமல் விட்டது அந்தக் கையைப் பார்த்துத்தான்.

ரசம் வேண்டாம் என்றால் தண்ணீர்ப் பலகைதான் வழி. சரிவாக வைத்த பலகையில் சாம்பலைத் தண்ணீரோடு ஓடவிட்டால் சாம்பல் போய்விடும், தங்கம் பலகையில் தங்கும். போன வருஷம் மூன்றடி பிளைவுட்டில் நானே ஒன்று செய்து, பளபளவென்று பச்சை எனாமல் அடித்தேன். தண்ணீரைத் திறந்தால் சேம்பு இலையில் விட்டதுபோல முத்து முத்தாக உருண்டது. நுண்பொடி தண்ணீரின் மேலேயே படர்ந்து நேராக வாளிக்குப் போனது. தண்ணீரைவிட 19 மடங்கு கனமான பொருள் என்று பெயர். அது மிதந்து போவதைப் பார்த்தால் வயிறு எரியாதா? போதாததற்கு ஓரத்தில் தண்ணீர் ஏறி பலகையும் உப்பிவிட்டது.

முதல் நன்றி சித்தப்பாவுக்கு. கோலார் தங்கவயல் ஆலையில் வேலை பார்த்தவர், 2001இல் சுரங்கத்தை மூடியதும் ஊர் திரும்பியவர். பலகையைப் பார்த்ததும் விரலால் தடவி, "எண்ணெய்ப் பிசுக்குடா இது, தண்ணி ஒட்டவே ஒட்டாது" என்றார். அவர் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. மெல்லிசாக ஓடும் தண்ணீரில் மேல் தண்ணீர் வேகமாகப் போகும், பலகையை ஒட்டிய தண்ணீர் கிட்டத்தட்ட நின்றுவிடும். தங்கப்பொடி சின்னதாக இருந்தாலும் கனம், அந்த அடித்தண்ணீரில் படுத்துக்கொள்ளும். அதே கனமுள்ள சாம்பலும் மணலும் உருவத்தில் பெரிசு, தலை மேலே நீட்டிக்கொண்டிருப்பதால் வேகத்தில் மாட்டிப் போய்விடும். இதற்குப் பலகை தண்ணீரைக் குடித்தமாதிரி நனைய வேண்டும், பளபளப்பு கூடாது. பழைய தங்க ஆலைகளில் கம்பளி விரித்ததும் பொடி வழுக்கிப் போகாமல் இருக்கத்தானாம்.

அடுத்து தங்கச்சிமடத்தில் ஃபைபர் படகு வேலை செய்யும் அண்ணனுக்கு. (ஊர்ப் பெயரிலேயே தங்கம் இருக்கிறது, நான்தான் தாமதமாகப் போனேன்.) பஸ்ஸில் பலகையை ஏற்றி, பாம்பன் பாலம் தாண்டிக் கொண்டுபோனேன். பச்சை பெயின்ட்டைச் சுரண்டி, வல்லத்துக்குப் போடும் அதே கண்ணாடி நார் விரிப்பும் ரெசின் பசையும் வைத்து, ஓரம்வரை மூடிக் கொடுத்தார். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தை முதலில் ரெசினில் கலக்கி முடித்த பிறகுதான் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரை எடுத்தார். இரண்டையும் நேருக்கு நேர் சேர்த்தால் வெடித்துவிடும் என்று என்னை நாலு அடி தள்ளி நிற்கச் சொன்னார். அன்றைக்குக் கடல்காற்றில் ஈரம் அதிகம், இரண்டு நாள் பிசுபிசுவென்றே இருந்தது. மூன்றாம் நாள் வெயிலில் இறுகியது. கூலி கேட்டால் "மோதிரம் போடும்போது பார்த்துக்கலாம்" என்கிறார். அது சரிப்படாது அண்ணே, இந்த மாதம் வந்து கையில் கொடுக்கிறேன்.

ஃபைபரும் வழவழப்புதானே என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது வழி சொன்னவர் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற டீச்சர். பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்கு அடித்ததுபோக அரை டப்பா பெயின்ட் அவர் வீட்டுப் பரணில் இருந்தது. ஹார்டுவேர் கடை பாய் உப்புத்தாளைக் கொடுத்து, ஃபைபரை நன்றாக மங்கலாக்கிவிட்டு அடி, இல்லாவிட்டால் தோலாக உரியும் என்றார். நாளுக்கு ஒரு கை என்று இரண்டு கை அடித்தேன். நாலு நாள் காயவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுத் தேய்த்து அலசினேன். இப்போது தண்ணீர் ஒரே பாயாக விரிகிறது. கறுப்பில் மஞ்சள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதும் ஒரு வசதி.

நம்பாமல் சோதித்தும் பார்த்தேன். 500 மில்லிகிராம் தங்க அரப்பொடியை நிறுத்து, சலித்த மணலில் கலந்து விட்டேன். பச்சைப் பலகையில் முன்பு இதே அளவு போட்டதில் திரும்பி வந்தது 310. இதில் 480. காந்தம் வைத்து அரத்து இரும்பை எடுப்பதும், சல்லடையில் ஒரே பருமனாகச் சலிப்பதும் முன்பே செய்ததுதான், அதில் மாற்றமில்லை. சரிவைக் கொஞ்சம் கூட்டினாலும் பொடி ஓடிவிடுகிறது, மூன்றடிக்கு ஒன்றரை அங்குலம் எனக்குச் சரியாக வருகிறது.

தண்ணீருக்காக அடுத்த வீட்டு அக்காவுக்கு. எங்கள் கிணறு உவர். அதில் ஓட்டினால் காய்ந்ததும் பலகையில் வெள்ளையாக உப்புப் படிகிறது. அக்கா குடிக்கப் பிடித்து வைத்த தண்ணீரில் இரண்டு குடம் கொடுத்தார். தண்ணியில்லாக் காடு என்று பெயரெடுத்த ஜில்லாவில் அது சின்ன விஷயமில்லை. கூலர் மோட்டார் வைத்து அதே இரண்டு குடத்தைத்தான் சுற்றிச் சுற்றி விடுகிறேன்.

டீச்சர், டப்பாவில் கால்வாசி மிச்சமிருக்கிறது, மூடியை இறுக்கி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பலகை சும்மா கிடக்கும். பட்டறைக் குப்பை வைத்திருக்கிறவர்கள் தாராளமாகக் கொண்டு வாருங்கள். இரண்டு குடம் நல்ல தண்ணீரும் சேர்த்து.